இந்த ஜோடி ஏன் ஒட்டவில்லை? கதையில் இருவருக்கிடையே காதல் பொருத்தம் உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இவர்கள் ஏன் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள் என்பதுதான் புரியவில்லை." காதல் கதை எழுதுபவர்கள் முதல் வாசகரிடமிருந்து அடிக்கடி கேட்கும் குறை இது. கேட்டதும் பலர் கடைசி அத்தியாயத்தைத் திருத்தப் போவார்கள். கோளாறு அங்கே இருக்காது. ஜோடியை முதலில் முடிவு செய்துவிட்டு ஆட்களைப் பிறகு உருவாக்கியதில் இருக்கும்.

இரண்டு பாத்திரங்கள் பொருந்துகிறார்களா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: வேறு யார் முன்னாலும் செய்யாத எதை இவர் அவர் முன்னால் மட்டும் செய்கிறார்? இரண்டு பக்கமும் இதற்குப் பதில் இருந்தால் வாசகர் நம்புவார். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பதிலைத் தயாரிக்கத்தான். வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் எழுதியதை எடுத்துப் பயன்படுத்துகிறது.

தொடங்கும் முன்

மூன்று முடிவுகள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, கதை எங்கே முடிகிறது: சேர்கிறார்களா, பிரிகிறார்களா, சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கதையா? பிரியப்போகும் ஜோடிக்கும் பொருத்தம் வேண்டும். இல்லாவிட்டால் பிரிவு யாருக்கும் வலிக்காது.

இரண்டாவது, நீளம். சிறுகதையில் இருவரும் சேர்ந்து வரும் காட்சி மூன்று கிடைத்தாலே அதிகம். எண்பதாயிரம் சொல் நாவலில் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை வைக்கலாம். இந்த எண்ணிக்கை தெரியாமல் தொடங்கினால் முதல் இரண்டு காட்சிகளிலேயே எல்லாப் படிகளையும் தாண்டிவிடுவீர்கள்.

மூன்றாவது, பார்வைக் கோணம். ஒருவர் மனதை மட்டும் காட்டுவதென்றால், மற்றவரின் விருப்பம் முழுக்கச் செயலில்தான் தெரிய வேண்டும். இருவர் மனதையும் காட்டுவதென்றால், வாசகருக்கு முன்கூட்டியே எல்லாம் தெரிந்துவிடும் ஆபத்து உண்டு. எதைத் தேர்ந்தாலும் சரி, பாதியில் மாற்றாதீர்கள்.

## 1. இருவரையும் தனித்தனியே எழுதுங்கள்

இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் ஐந்து வரி. இவருக்கு இப்போது என்ன வேண்டும்? எதற்குப் பயப்படுகிறார்? அந்தப் பயம் வெளியே தெரியாமலிருக்க வழக்கமாக என்ன செய்வார்? எதில் கெட்டிக்காரர்? இந்தக் காதல் நடக்காமலே போனால் அடுத்த ஆண்டு இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்?

புதிதாக எழுதுபவர்கள் காலியாக விடுவது ஐந்தாவது வரியைத்தான். அதற்குப் பதில் இல்லாத பாத்திரம் மற்றவருக்குப் பரிசாகக் கொடுக்கவே உருவான ஆள். பரிசுப் பொருளை ஆசைப்படலாம். அதனிடம் பேச என்ன இருக்கிறது?

மூன்றாவது வரியைக் கவசம் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னால் வரும் படிகள் பெரும்பாலும் இதை நம்பியே நிற்கின்றன. "கூச்ச சுபாவம்", "கோபக்காரர்" என்று எழுதினால் போதாது. கவசம் ஒரு செயலாக இருக்க வேண்டும், காட்சியில் கண்ணால் பார்க்க முடிவதாக.

விளக்குவதற்காக ஒரு ஜோடியைக் கடைசி வரை கூடவே வைத்துக்கொள்வோம். கமலி, பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவள். ஒரு துண்டுச்சீட்டைக்கூடத் தூக்கிப்போட மாட்டாள். தன் கையில் இருந்தபோது ஏதோ ஒன்று தொலைந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவள் பயம். கவசம்: எதைக் கேட்டாலும் விதியை எடுத்துக் காட்டுவாள். சேகர், இறந்தவர்களின் வீட்டைக் காலி செய்து உறவினரிடம் ஒப்படைப்பவன். நின்று யோசித்தால் அந்த வீடுகளின் துக்கம் தன்மேல் ஏறிவிடும் என்பது அவன் பயம். கவசம்: எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக்.

தாள் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் நானூறு, ஐந்நூறு சொல்லில் ஒரு காட்சி எழுதுங்கள். அதில் மற்றவர் வரக்கூடாது, நினைவாகக்கூட. இந்தக் காட்சி கதையில் சேராமல் போகலாம். கவசம் வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரிவதற்காகவே இது. கவசத்தோடு ஆளைப் பார்த்திராத வாசகருக்கு, பிறகு அது கழன்று விழும்போது எதுவும் தோன்றாது.

## 2. ஒற்றுமையையும் முரணையும் மூன்று அடுக்காகப் பிரியுங்கள்

மேலடுக்கு: ரசனை, பொழுதுபோக்கு, பிடித்த நிறம், இருவருக்கும் பிடித்த பாட்டு. நடுவடுக்கு: நடந்துகொள்ளும் முறை. வேகமா நிதானமா, பேசித் தீர்ப்பவரா ஒதுங்கிப்போய் ஆறுபவரா, திட்டமிடுபவரா அந்த நேரத்தில் பார்த்துக்கொள்பவரா. அடியடுக்கு: எதை எந்த நிலையிலும் செய்யமாட்டார், எதற்காக நஷ்டப்படத் தயார்.

விதி இதுதான். அடியடுக்கில் ஒன்றாவது பொருந்த வேண்டும். நடுவடுக்கில் உரச வேண்டும். மேலடுக்கு எப்படி இருந்தாலும் பாதகமில்லை.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இருவருக்கும் மழை பிடிக்கும், ஒரே எழுத்தாளரைப் படித்திருக்கிறார்கள், ஒரே நேரத்தில் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். மழையில் சேர்ந்து நனைவது சளி பிடிப்பதற்குச் சான்று, பொருத்தத்துக்கு அல்ல. மேலடுக்கு ஒற்றுமை அறிமுகத்துக்கு உதவும். இரண்டாவது சந்திப்புக்கு மேல் அது கதையைத் தாங்காது, ஏனென்றால் அதற்காக யாரும் எதையும் விடவேண்டி வராது.

கமலிக்கும் சேகருக்கும் அடியடுக்கு ஒன்றே: இறந்தவருக்கு மரியாதை குறையக்கூடாது. அவளுக்கு மரியாதை என்றால் எல்லாவற்றையும் வைத்துக் காப்பது. அவனுக்கு மரியாதை என்றால் மற்றவர் கண்ணில் படக்கூடாததைப் படாமல் அப்புறப்படுத்துவது. ஒரு கட்டுக் கடிதத்தை நடுவில் வைத்தால் போதும், சண்டை தானாக வரும். இருவரும் நியாயமான ஆட்கள் என்பதால் வாசகரால் ஒரு பக்கம் சாய முடியாது.

நடுவடுக்கில் முரணே இல்லாவிட்டால் காட்சிகள் இனிப்பாக இருக்கும், நகராது. அடியடுக்கே முரண்பட்டால் அது வேறு கதை: ஒருவர் தன்னை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது பிரிய வேண்டும். அதைத்தான் எழுதுகிறீர்கள் என்றால் சரி. தெரியாமல் அதில் போய் விழுந்தால், சேர்ந்த முடிவு பொய்யாகத் தெரியும்.

## 3. ஒருவர் மற்றவரிடம் எதைக் கண்டுகொள்கிறார் என்று எழுதுங்கள்

ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் நிரப்புங்கள்: "மற்றவர்கள் இவரை இன்ன மாதிரி என்று நினைக்கிறார்கள், அவர் மட்டும் வேறொன்றைப் பார்த்துவிட்டார்."

சேகருக்கு எதுவும் உறைக்காது என்று எல்லாரும் நினைக்கிறார்கள்; துணிமணிகளைக் கட்டும் முன் சட்டைப் பொத்தான்களை அவன் போட்டுவிடுவதைக் கமலி பார்த்துவிட்டாள். கமலி இரக்கமில்லாத விதிக்காரி என்று நினைக்கிறார்கள். எந்த விதியும் கேட்காத இடத்திலும், பட்டியலில் இறந்தவர் பெயருக்கு முன்னால் "திரு", "திருமதி" என்று அவள் எழுதுவதைச் சேகர் கவனித்துவிட்டான்.

இரண்டிலும் ஒரு பொருள், ஒரு செயல் இருக்கிறது. "அவன் உள்ளுக்குள் மென்மையானவன் என்று அவளுக்குத் தெரிந்தது" என்று எழுதினால் அது கதாசிரியர் காதில் ஓதியது. பொத்தானைக் காட்டினால் வாசகரும் கூடவே கண்டுகொள்வார், பாத்திரத்தோடு சேர்ந்து தானும் விரும்பத் தொடங்குவார்.

அழகு இந்த வாக்கியத்தில் இடம்பெறக் கூடாது. அதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். இவர் மட்டும் பார்த்ததாகாது.

## 4. ஏற்றத்தாழ்வை எடைபோடுங்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து ஒப்பு சொல்கிறது: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு (வயது), உருவு (தோற்றம்), நிறுத்த காமவாயில் (உள்ளத்தில் நிலைத்த காதல்), நிறை (மன அடக்கம்), அருள் (இரக்கம்), உணர்வு (புரிதல்), திரு (செல்வம்). எழுதுபவருக்கு இது இன்றும் கைக்கு உதவும் சரிபார்ப்புப் பட்டியல். அப்படியே கடைப்பிடிக்கச் சொல்லவில்லை. எது ஒத்திருக்கிறது, எது ஒக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு, வயது, செல்வம், தோற்றம் ஆகியவை ஒக்காமல் போகலாம். கதைக்குத் தடையே பல நேரம் அங்கிருந்துதான் வரும். ஆனால் நிறை, அருள், உணர்வு மூன்றும் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஜோடி சாய்ந்துவிடும். ஒருவரே எப்போதும் அடக்கிக்கொள்கிறார், ஒருவரே எப்போதும் புரிந்துகொள்கிறார் என்றால், வாசகர் அவருக்காகப் பரிதாபப்படுவார்; காதல் என்று ஏற்கமாட்டார்.

அடுத்த நூற்பா இருக்கக்கூடாதவற்றைச் சொல்கிறது. அதில் வியப்பு, புறமொழி, வன்சொல், மடிமை, ஒப்புமை ஆகியவை இன்றைய வரைவுகளில் சகஜமாகத் தலைகாட்டுபவை. தன்னைத் தானே மெச்சுவது, பின்னால் போய்ப் பேசுவது, சுடுசொல், சோம்பல், இன்னொருவரோடு ஒப்பிடுவது. நாயகனை "கெத்து" ஆக்குகிறேன் என்று முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்து ஊட்டிவிடுபவர்கள் உண்டு.

பிறகு ஒரு நேர்க்கேள்வி: இருவரில் யாரால் எழுந்து போக முடியாது? வேலை, பணம், வீடு, ரகசியம் என்று ஏதாவது ஒன்றால் ஒருவர் கட்டுண்டிருந்தால், காதல் வளரும் முன் அந்தக் கட்டைத் தளர்த்துங்கள். மேலதிகாரியும் அவருக்குக் கீழ் வேலை செய்பவரும் என்றால், கீழே இருப்பவர் ஒருமுறை "வேண்டாம்" என்று சொல்லி, அதனால் எந்தக் கெடுதலும் நேராததைக் காட்டும் காட்சி வேண்டும். மறுக்கும் சுதந்திரம் கண்ணில் படாதவரை, சம்மதத்துக்கு எடை வராது.

## 5. தடையை இரண்டு இடத்தில் வையுங்கள்

புறத்தடை: குடும்பம், தூரம், தொழில், வேறொரு வாக்குறுதி. அகத்தடை: முதல் படியில் எழுதிய கவசம். இரண்டும் வேண்டும். புறத்தடை மட்டும் இருந்தால் அது நீங்கிய அன்றே கதை முடிந்துவிடும். அகத்தடை மட்டும் இருந்தால் இருவரும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருப்பார்கள்.

நல்ல புறத்தடை அகத்தடையை நேராகக் குத்தும். வீட்டின் வாரிசு கடிதங்களை எரிக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேகர் கீழ்ப்படிந்தால் கமலியின் பயம் நிஜமாகிறது. மறுத்தால் அவன் நின்று யோசிக்க வேண்டும், அதாவது ஜோக்கை விட வேண்டும். ஒரே சம்பவம் இருவரையும் அவரவர் பலவீனத்தில் பிடிக்கிறது.

தடையைச் சோதிக்க: இருவரும் ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால் தீர்ந்துவிடுமா? தீருமென்றால் அது வெறும் தவறான புரிதல். அதை வைத்து ஒரு காட்சியை ஓட்டலாம், இருநூறு பக்கம் ஓட்ட முடியாது. பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு அழுதபடி ஓடும் பாத்திரத்தை வாசகர் இப்போதெல்லாம் மன்னிப்பதில்லை.

## 6. காட்சிகளை ஏணியாக அடுக்குங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளை மட்டும் தனியே ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்தக் காட்சியின் முடிவில் என்ன மாறியது என்று ஒரு வரி. மாறக்கூடியவை நான்கு: ஒருவருக்கு மற்றவரைப் பற்றித் தெரிந்தது, ஒருவர் மற்றவரை நம்பும் அளவு, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், இருவருக்கும் நடுவே உள்ள தூரம். எதுவும் மாறாத காட்சியை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும்.

முதல் சந்திப்பில் இருவரும் ஏதாவது வேலையில் இருக்கட்டும். வேலை செய்யும்போது திறமை தெரியும், கவசமும் தெரியும். மோதிக்கொண்டு புத்தகங்கள் சிதறும் சந்திப்பில் இரண்டும் தெரியாது. இருவரும் குனிந்து எதையோ பொறுக்குவார்கள், அவ்வளவுதான்.

அடுத்த ஓரிரு காட்சிகள் அவர்களை ஒரே இடத்தில் கட்டிப்போட வேண்டும்: ஒரே பணி, ஒரே கெடு, ஒரே பயணம். காரணமில்லாமல் திரும்பத் திரும்பத் தற்செயலாகச் சந்தித்தால், அதை ஏற்பாடு செய்யும் கை தெரிந்துவிடும். தற்செயல் ஒருமுறை நடக்கலாம், அதுவும் தொடக்கத்தில்.

பிறகு கேட்காமலே செய்த உதவி ஒன்று. சிறியதாக இருக்கட்டும். சேகர் ஒரு பெட்டியைத் தூக்கி வண்டியில் போடாமல் கமலியின் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான், எதுவும் சொல்வதில்லை. உதவி பெரிதானால் கடன் பெரிதாகும், மற்றவரின் விருப்பம் நன்றியா காதலா என்ற சந்தேகம் கடைசி வரை ஒட்டிக்கொண்டே வரும். உயிரைக் காப்பாற்றும் காட்சியைத் தொடக்கத்தில் வைப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

ஏணியின் நடுவில், ஒருவர் மற்றவரின் அசிங்கமான நேரத்தைப் பார்க்க வேண்டும்: தோல்வி, பொய், சிறுமை, அவமானம். பார்த்தவர் அதைப் பிறகு ஆயுதமாக எடுப்பதில்லை என்பதே நம்பிக்கையின் முதல் சான்று. உடனே ஆறுதல் சொல்லவைக்காதீர்கள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது பல நேரம் அதைவிடப் பெரிய பரிவு.

ஆபத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டட்டன், ஆரன் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உயரத்தில் ஆடும் தொங்குபாலத்தில் ஒரு பெண் ஆய்வாளரைச் சந்தித்த ஆண்கள், உறுதியான தாழ்வான பாலத்தில் சந்தித்தவர்களைவிட அதிகமாக அவரைப் பின்னால் தொலைபேசியில் அழைத்தார்கள். பயத்தின் படபடப்பு ஈர்ப்பாகத் தோன்றக்கூடும் என்பது அவர்கள் விளக்கம். துரத்தல், வெள்ளம், கடத்தல் நிறைந்த கதையில் வாசகருக்கு எழும் சந்தேகமும் அதேதான்: ஆபத்து ஓய்ந்தால் இவர்களுக்குள் என்ன மிச்சம்? அதனால் பரபரப்பான ஒவ்வொரு இரண்டு காட்சிக்கும் நடுவே ஒன்றும் நடக்காத ஒரு காட்சி வையுங்கள். காத்திருக்கும் நேரம், களைப்பு, சாப்பாடு, ஏதாவது.

ஏணி முடிந்ததும் ஒரு சரிபார்ப்பு. உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986-இல் காதலை மூன்று கூறாகப் பிரித்தார்: நெருக்கம், வேட்கை, உறுதிப்பாடு. தாளில் ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் எது கூடியது என்று குறியுங்கள். எல்லாம் நெருக்கமாகவே இருந்தால் நண்பர்களை எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் வேட்கையாக இருந்தால் வாசகர் இறுதி முடிவை நம்பமாட்டார். உறுதிப்பாடு கடைசிக் காட்சியில் மட்டும் திடீரென்று முளைத்தால், ஏணியின் நடுவில் ஒருவர் மற்றவருக்காகத் தன் வசதியை விட்டுக்கொடுக்கும் ஒரு சிறு முடிவைச் சேருங்கள்.

## 7. உரையாடலில் பொருத்தத்தைக் காட்டுங்கள்

பொருந்தும் இருவர் பேசும்போது ஒருவர் சொன்ன சொல்லை மற்றவர் எடுத்துக்கொள்வார். அவரவர் பேச வந்ததை மட்டும் பேசிவிட்டுப் போனால், இரண்டு சொற்பொழிவுகள் மாறி மாறி நடக்கும். காட்சியை எழுதியதும் ஒவ்வொரு பதிலிலும் முந்தைய வரியிலிருந்து ஏதாவது தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். கீழே கமலி கேட்கிறாள், சேகர் பதில் சொல்கிறான்:

"இந்தப் பெட்டி குப்பைக்கா?"

"மூணு நாளா அங்கேயேதான் இருக்கு. குப்பைன்னா முதல் நாளே போயிருக்கும்."

"அப்ப என்ன?"

"திறக்கல."

"நான் திறக்கட்டுமா?"

"நீங்க திறந்தா நம்பர் போட்டுடுவீங்க."

"போடாம திறக்கிறேன்."

காதல் என்ற சொல் இதில் வரவில்லை. சேகர் ஜோக் அடிக்கவில்லை, கமலி விதியைக் காட்டவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் கவசத்தைக் கீழே வைத்திருக்கிறார்கள், அதைப் பற்றி இருவரும் பேசவும் இல்லை. முதல் படியில் கவசத்தைச் சரியாக எழுதியிருந்தால் இப்படி ஏழு வரி போதும்.

மடக்கி மடக்கிப் பேசுவதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். வாய்ச்சண்டை சுவையானதுதான், ஆனால் அதில் இருவரும் ஜெயிக்கப் பார்க்கிறார்கள். நான்கு பக்கத்துக்கு ஒருமுறையாவது ஒருவர் பதில் தெரிந்தும் சொல்லாமல் விடட்டும்.

"நீங்க" எப்போது "நீ" ஆகிறது என்பதையும் திட்டமிடுங்கள். யார் முதலில் மாறுகிறார், மற்றவர் உடனே மாறுகிறாரா, சண்டையில் மறுபடி "நீங்க" வருகிறதா? இதைக் கவனிக்காமல் ஒரே காட்சியில் இரண்டையும் கலந்து எழுதிவிடுவது மிகச் சாதாரணமான பிழை. திட்டமிட்டு மாற்றினால் ஒரு முத்தக் காட்சி செய்யும் வேலையை ஒரு எழுத்து செய்துவிடும். ஒருவர் மட்டும் கடைசி வரை "நீங்க" என்றே சொல்வதும் ஒரு தேர்வுதான். அப்படியானால் அதற்குக் காரணம் கதையில் இருக்க வேண்டும்.

## 8. ஒரு சண்டை, அதற்கு ஒரு சமாதானம்

சண்டை போடாத ஜோடியை வாசகர் முழுதாக அறிய முடியாது. ஏணியின் முக்கால் உயரத்தில் ஒரு நிஜச் சண்டை வேண்டும், அது அடியடுக்கைத் தொட வேண்டும். தாமதமாக வந்ததற்கான சண்டை கணக்கில் வராது.

உறவுகளை ஆராய்ந்த ஜான் காட்மன், உறவைக் கெடுக்கும் நான்கு நடத்தைகளைச் சொல்கிறார்: ஆளையே குறைசொல்வது, இளக்காரம், தற்காப்பு, வாயை மூடிக்கொண்டு சுவராகிவிடுவது. இவற்றில் மிக மோசமானது இளக்காரம் என்பது அவர் கணிப்பு. எழுதும்போது இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சேரப்போகும் ஜோடிக்குக் குறைசொல்லலும் தற்காப்பும் தாராளமாக வரலாம். சுவராவது ஒருமுறை வரலாம். மற்றவரைக் கேவலமாகப் பார்த்து உதட்டைச் சுழிக்கும் இளக்காரம் வந்துவிட்டால், பிறகு எத்தனை பூங்கொத்து கொடுத்தாலும் வாசகர் மறக்கமாட்டார். பிரியப்போகும் ஜோடிக்கு அதையே எடுத்து வையுங்கள். முடிவைச் சொல்லாமலே சொல்லிவிடும்.

சமாதானம் கவசத்துக்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். ஜோக்கடிப்பவன் ஜோக்கடித்துச் சமாதானம் செய்தால் அவனுக்கு எதுவும் செலவாகவில்லை. சேகர் அந்தக் கடிதங்களில் ஒன்றையாவது உட்கார்ந்து முழுதாகப் படிக்க வேண்டும். கமலி ஒரு கடிதத்தையாவது பட்டியலில் சேர்க்காமல் விட வேண்டும். இருவரும் நகர வேண்டும். ஒருவர் மட்டும் நகர்ந்தால் அது சமாதானமல்ல, தோல்வி.

மறுத்தவரைப் பின்தொடர்வது, வீட்டு வாசலில் நிற்பது, கையை அறுத்துக்கொள்வேன் என்று மிரட்டுவது ஆகியவற்றை விடாமுயற்சி என்று எழுதாதீர்கள். ஒழுக்கப் பாடத்துக்காக இதைச் சொல்லவில்லை. பயந்து சம்மதித்தவரின் சம்மதத்தை வைத்து எந்த முடிவையும் கட்ட முடியாது, நான்காவது படியில் சொன்ன அதே காரணம்தான்.

## 9. வரைவு முடிந்ததும் நான்கு சோதனை

ஆள்மாற்றுச் சோதனை. இருவரில் ஒருவரைத் தூக்கிவிட்டு அதே அளவு அழகும் நல்ல குணமும் உள்ள வேறு ஒருவரை அங்கே வையுங்கள். எத்தனை காட்சி மாறாமல் அப்படியே ஓடுகிறது? பாதிக்கு மேல் ஓடினால் மூன்றாவது படி பலவீனம். கமலியின் இடத்தில் ஒரு நல்ல பள்ளி ஆசிரியையை வைத்தால் பெட்டிக் காட்சி விழுந்துவிடும். அப்படி விழுவதுதான் நல்லது.

மூன்றாம் ஆள் சோதனை. போட்டிக்கு ஒருவரை வைத்திருந்தால் அவர் கெட்டவராக இருக்கக் கூடாது. குடிகாரனையும் நல்லவனையும் முன்னால் நிறுத்தி ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதில் காதலுக்கு வேலையே இல்லை. நல்லவரும் தகுதியானவருமான போட்டியாளரை விட்டு இவரை ஏன் தேர்ந்தார் என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் பொருத்தம் நிற்கிறது.

அடைமொழிச் சோதனை. இருவரும் வரும் காட்சிகளில் உள்ள அழகிய, மயக்கும், சிலிர்க்கவைத்த, இனம்புரியாத போன்ற சொற்களை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். ஈர்ப்பு இன்னும் தெரிகிறதா? "இனம்புரியாத உணர்வு" என்று எழுதும் இடங்களில் பெரும்பாலும் எழுதியவருக்கே இனம் புரியாமல் இருந்திருக்கும்.

சும்மா இருக்கும் நாள் சோதனை. கதை முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு நாளில் இருவரும் ஒரே அறையில் இருக்கும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பேச என்ன இருக்கிறது? எதைப் பற்றி இன்னும் சண்டை? எதற்குச் சிரிக்கிறார்கள்? பேனா நின்றுவிட்டால் அவர்களை இணைத்தது கதையின் சம்பவங்கள் மட்டுமே. இந்தச் சோதனையில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள்.

## 10. ஒட்டாதபோது எங்கே திரும்பிப் போவது

சோதனையில் ஒரு குறை தெரிந்ததும் கடைசிக் காட்சியில் உணர்ச்சியைக் கூட்டுவது பழக்கம். அப்படிச் செய்யாமல், குறைக்கு ஏற்ற படிக்குத் திரும்புங்கள்.

"திடீரென்று காதலிக்கிறார்கள்" என்று வாசகர் சொன்னால் ஆறாவது படி. புதுக் காட்சிகளைச் செருகும் முன், இருக்கும் காட்சிகளில் எதுவும் மாறாதவை எத்தனை என்று எண்ணுங்கள். அவற்றில் ஒன்றைத் திருத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

"அவளுக்கு அவனிடம் என்ன பிடித்தது என்று தெரியவில்லை" என்றால் மூன்றாவது படி. பொத்தானைப் போல ஒரு செயலைக் கண்டுபிடித்து, காதல் சொல்லப்படும் இடத்துக்கு இரண்டு மூன்று காட்சி முன்பே நுழைத்துவிடுங்கள். அதே காட்சியில் வைத்தால் சாக்குப்போக்காகத் தெரியும்.

"அண்ணன் தங்கை மாதிரி இருக்கிறார்கள்" என்றால் நடுவடுக்கில் உரசல் போதவில்லை, அல்லது இருவரும் ஒருவர் உடலை ஒருவர் கவனிப்பதே இல்லை. இரண்டாவது படிக்குப் போய் ஒரு முரணைக் கூர்மையாக்குங்கள். பிறகு ஏதேனும் ஒரு காட்சியில் கை, குரல், நிற்கும் தூரம் இவற்றில் ஒன்றை ஒருவர் தேவைக்கு மேல் கவனிக்கட்டும்.

"அவன் அவளை நடத்தும் விதம் பிடிக்கவில்லை" என்றால் நான்காவது, எட்டாவது படி. இங்கே மன்னிப்புக் காட்சி சேர்ப்பது உதவாது. நடத்தும் விதத்தையே தொடக்கத்திலிருந்து மாற்ற வேண்டும்.

"துணைப்பாத்திரத்தோடுதான் பொருத்தம் அதிகமாக இருக்கிறது" என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். துணைப்பாத்திரத்தை நீங்கள் ஜோடி என்று நினைக்காமல் எழுதியதால் அவர் சுதந்திரமாக வளர்ந்திருக்கிறார். ஐந்தாவது வரி அவருக்குத் தானாகவே நிரம்பியிருக்கிறது. இரண்டு வழி உண்டு. முதன்மைப் பாத்திரத்தின் தாளை எடுத்து முதல் படியிலிருந்து மறுபடி எழுதலாம். இல்லையென்றால் ஜோடியை மாற்றிவிட்டு ஏணியைப் புதிதாக அடுக்கலாம். இரண்டாவதுக்கு வேலை குறைவு, எழுதியவர்களுக்கு மனம் வருவதுதான் கடினம்.